கேட்கப்படாத விதைகள்

தேவிபட்டினம் கிட்டங்கியில்
கடலுக்கும் மூட்டைக்கும் நடுவே இருநூறு அடி,
ஒரு தகரக் கதவு,
தாழ்ப்பாளைத் தின்றுகொண்டிருக்கும் உப்புக்காற்று.

சித்திரைக்கார், தொகுதி பதினேழு.
மாசியில் அறுத்தது.
வந்தபோது ஈரப்பதம் பன்னிரண்டு,
இப்போது பதினான்கு.
நெல்லும் காற்றைக் குடிக்கும்.
என் சமன்பாட்டில் அதற்கு ஓர் எழுத்து உண்டு.
சூட்டுக்கு ஓர் எழுத்து, நாட்களுக்கு ஓர் எழுத்து.
மின்வெட்டுக்கு எழுத்து இல்லை.

ஆனியில் ஒன்பது நாள் ஏசி ஓடவில்லை.
பதிவுக் கருவியின் பேட்டரியும் இறங்கிவிட்டதால்
அந்த ஒன்பது நாளின் வெக்கையை
பாம்பன் வானிலைத் தாளில் கடன் வாங்கி
நிரப்பிவைத்தேன்.
யாரும் கேட்கவில்லை.

விதை சாவதில் ஒரு சிக்கல்:
மீனைப் போல நாறாது,
நிறம் மாறாது, எடை குறையாது.
செத்ததும் சாகாததும்
ஒரே சாக்கில் தோள் உரசிக் கிடக்கும்.
ஒரே நாளில் போவதுமில்லை.
முதலில் ஒன்றிரண்டு,
பிறகு கூட்டம் கூட்டமாய்,
கடைசியில் பிடிவாதக்காரர்கள் சிலர்.
வரைந்தால் கோயில் மணி போல ஒரு கோடு.
அந்த மணி எவ்வளவு அகலம் என்று சொல்லத்தான்
மாதம் பதினெட்டாயிரம் தருகிறார்கள்.

உயிரோடு இருக்கிறாயா என்று
ஒரு விதையைக் கேட்க வேண்டுமென்றால்
அது விதையாக இல்லாமல் போக வேண்டும்.
நானூறை எண்ணி எடுத்தேன்.
நூறு நூறாய் நான்கு தட்டு, ஈரத்தாள்,
பதினான்கு நாள்.
இருநூற்று எழுபத்திரண்டு பதில் சொல்லின.
சொன்னவை இனி எந்த வயலுக்கும் ஆகா.
மூட்டையில் இருப்பவையோ
இன்னும் யாரும் கேட்காதவை.
நான் பேசுவதெல்லாம் அவற்றைப் பற்றித்தான்.

கோடு எழுபத்தாறு என்றது.
தட்டு அறுபத்தெட்டு என்கிறது.
எட்டு எங்கே போயிற்று?
அந்த ஒன்பது நாளுக்குள்
என்றுதான் நினைக்கிறேன்.
நினைப்பதற்கும் எழுத்து இல்லை.

ஐப்பசி மூன்றாம் தேதி
திருப்பாலைக்குடியிலிருந்து சபுரா பீவி வந்தார்.
என் வயதுதான் இருக்கும்.
எக்செல் வண்டி, இரண்டு காலிச் சாக்கு,
உழுது போட்ட இரண்டு ஏக்கர் புழுதி.
“முளைக்குமா?”
“அறுபத்தெட்டு. அஞ்சு கூடலாம், அஞ்சு குறையலாம்.”
“அது எப்படி அஞ்சு?”
இதே மாதிரி நூறு தடவை எண்ணினால்
தொண்ணூற்றைந்து தடவை, என்று ஆரம்பித்து
பாதியில் நின்றேன்.
“நீங்க நூறு தடவை எண்ணுவீங்க.
எனக்கு மழை ஒரு தடவைதான்.”

எண்பதுக்குக் கீழே
சான்று அட்டை கட்ட முடியாது என்றேன்.
“அட்டையை யாரு விதைக்கப்போறா?”

கணக்குப் போட்டுக் கொடுத்தேன்:
ஏக்கருக்கு முப்பது கிலோ போடும் இடத்தில்
முப்பத்தைந்தே கால்.
தாளை வாங்கிப் பார்த்தார்.
“நாப்பதாப் போட்டுர்றேன்.
மிச்சம் குருவிக்கு.”
விதை என்று விற்க எனக்கு அனுமதி இல்லை.
சமையலுக்கு, என்று எழுதினேன்;
சமையலுக்கு, என்பதன் கீழ்
கையெழுத்துப் போட்டார்.
எண்பது கிலோ சமையல்
வண்டியில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறிப் போனது.

சாயங்காலம் தட்டுகளைக் கழுவ எடுத்தேன்.
பதிவேடு மூடி மூன்று நாள் ஆகிவிட்டது.
செத்தவை என்று நான் எழுதிய
நூற்று இருபத்தெட்டில்
மூன்றாம் தட்டின் ஓரத்தில் இரண்டு
வெள்ளையாய்
மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன.

பதினேழாம் நாளுக்குக் கட்டம் கிடையாது.
பென்சிலால் ஓரத்தில் 2 என்று போட்டேன்,
அழிக்கிற மாதிரி, லேசாக.
தட்டைக் கழுவவில்லை.

கொண்டல் திரும்பியிருந்தது.
தகரக் கதவு அடித்துக்கொண்டே இருந்தது.
எழுந்து போய் மீட்டரைச் சொருகினேன்:
பதினான்கே கால்.